முட்டிக்கு முதல் ஷிஃப்ட்

பெரியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை விளக்கிச் சொல்லும் வேலையில் ஒரு நாள் உட்கார்ந்தால் தொண்டை வறண்டுவிடும். ஒரு வாரம் உட்கார்ந்தால் பொறுமையும் வறண்டுவிடும். பொம்மனஹள்ளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே என் கவுன்டர். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு கவுன்டர் முன்னால் நின்று, சர்வர் டவுன் என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவரா நீங்கள்? அப்படியென்றால் என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். இந்தப் பக்கத்துக் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பையோடு வந்தவர்

தொம்மலூர் ராமச்சந்திரன் மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருமல் மருந்துச் சீட்டையும் காப்பீட்டுக் கார்டையும் சேர்த்து நீட்டினார். "சார், இது ஆஸ்பத்திரியில படுத்து வைத்தியம் பாக்கறதுக்குத்தான். டாக்டரைப் பாத்துட்டு மருந்து வாங்கிட்டுப் போறதெல்லாம் இதுல வராது" என்றேன். புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஃபிளாஸ்க், போர்வை, செய்தித்தாள் சகிதம் வந்து நின்றார். அட்மிட் ஆகத் தயாராம். ஜன்னலோரப் படுக்கையாக இருந்தால் நல்லதாம். படுக்க ஆசை இருந்தால் போதாது, படுக்க வேண்டிய நோய் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்று விளக்கினேன். அவர் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார், நான் பதிலை மாற்றவில்லை. கடைசியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார்: "நானும் ஆபீஸ்ல எல்லாரையும் இப்படித்தாம்மா திருப்பி அனுப்புவேன். கேக்கறவாளுக்கு இவ்ளோ கோவம் வரும்னு இப்பத்தான் தெரியறது."

கண் சிமிட்டாத மனிதர்

பொன்னுசாமி கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது மனைவி சரோஜாவோடு சந்தாபுராவில் மகள் வீட்டில் இருக்கிறார். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவருக்குக் குடலிறக்கம், அந்த அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். இரண்டுக்கும் ஆபரேஷன்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கார்டு போட வந்தார்கள். சுரங்கத்தில் உழைத்த விரல்களில் ரேகையே இல்லை, மெஷின் ஏற்கவில்லை. சரி, முகத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்று போனை நீட்டினேன். அதற்குக் கண்ணைச் சிமிட்டிக் காட்ட வேண்டும்.

மனிதர் சிமிட்டவே இல்லை. போட்டோ என்றால் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கெஞ்சினேன், நானே சிமிட்டிக் காட்டினேன். வரிசை வாசல் வரை போய்விட்டது. சரோஜா அம்மா அவர் காதருகே குனிந்து, "உங்க தங்கச்சி சண்டைக்கு வந்து நிக்குது பாருங்க" என்றார். கண் படபடவென்று அடித்துக்கொண்டது, கார்டும் வந்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "அது பேர சொன்னா எனக்கே கண்ணு துடிக்கும் மேடம், இவரு எம்மாத்திரம்?" என்றார்.

ஆளுக்கொரு ரகசியம்

எழுபதைத் தாண்டிய கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே தொகைதான் என்று நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அந்த வாரமே பொன்னுசாமி தனியாக வந்தார். "மேடம், மொத ஷிஃப்ட்டு அவ முட்டிக்குப் போடுங்க. நான் வயித்துல பெல்ட்டு கட்டிக்கினு ஓட்டிக்கறேன். அவகிட்ட சொல்லாதீங்க." குடல் எப்போது வேண்டுமானாலும் சிக்கிக்கொள்ளலாம், சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டு ஆபரேஷனுக்கும் தாராளமாகப் போதும், அடுத்த வருஷம் மறுபடி முழுத்தொகையும் வரும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ரேஷன் கடையில் ஸ்டாக் இருக்கிறது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து சரோஜா அம்மா, தனியாக. "எனக்கு முட்டி வலியே இல்ல மேடம், பாருங்க" என்று நடந்து காட்டினார். பாதியில் மருந்துக்கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "அவருக்கே மொதல்ல போடுங்க. அவர்கிட்ட சொல்லாதீங்க." எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பக்கத்து நாற்காலி மஞ்சுளா கன்னடக்காரி, ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவாள். அவள் கேட்டாள்: "அக்கா, நமக்கு சம்பளம் இன்சூரன்ஸுக்கா, ஃபேமிலி கோர்ட்டுக்கா?"

ஸ்ட்ரெச்சரில் வந்த வாதம்

சில நாளில் பொன்னுசாமியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மனைவி முட்டி வலியோடு தூக்கக் கூடாதென்று இவர் தண்ணீர் கேனைத் தூக்கியிருக்கிறார். குடல் சிக்கிக்கொண்டது. முகமெல்லாம் வேர்வை, வாந்தி. அவசரக் கேஸ் என்று அனுமதிக்கு அனுப்பினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது; கம்ப்யூட்டரைக் கன்னடத்திலும் தமிழிலும் திட்டினேன். நல்லவேளை, டாக்டர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தியேட்டருக்குள் போகும்போது அவர் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "கார்டுல போட்டுடாதீங்க மேடம், அவ முட்டி..." என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் கத்தியேவிட்டேன்: "பேசாம படுங்கப்பா! நீங்க இருந்தாத்தான் அவங்க முட்டிய பத்திக் கவலைப்பட ஆளு இருக்கும்!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வார்டுக்குப் போய், கார்டில் மீதி எவ்வளவு என்று போனில் காட்டினேன். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ இவ முட்டிய நாளைக்கே போட்டுரலாமா?" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து ஒரே ரகசியத்தைச் சொன்னதை அங்கேயே போட்டு உடைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். முதல் நாள் முழுக்க தியேட்டர் வாசலில் அழுத சரோஜா அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்: "இன்னா அவசரம்? நானும் படுத்துட்டா, உக்காந்து உங்கள திட்றதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

எந்த நோய்க்குக் கவரேஜ் உண்டு, எதற்குக் கிடையாது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன், ஆனால் யாருக்கு முதலில் என்பதை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே சண்டை போட்டு முடித்துவிட்டு வாருங்கள்.