பாதையில் வந்த தாலி

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி ஓடும் மிதவையை நாங்கள் பாதை என்போம். ஊர்காவற்றுறையில் படிப்பித்த காலத்தில், பண்டத்தரிப்பிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, அதையும் பாதையில் ஏற்றிக்கொண்டு அக்கரை போவேன். யாழ்ப்பாணம் சுற்றிப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

ஒருநாள் காலை நடுவழியில் எஞ்சின் நின்றது. காற்று எங்களை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளியது. யாரும் பெரிதாகப் பதறவில்லை. பட்டு வேட்டி கட்டிய ஒரு வயதானவர் மட்டும் சட்டைப்பையைப் பொத்திப் பிடித்தபடி அந்தரப்பட்டார்.

"அண்ணையின்ரை பெடியனுக்கு அக்கரைக் கோயிலிலை கலியாணம், பிள்ளை. எல்லாரும் வான் பிடிச்சு யாழ்ப்பாணம் சுத்திப் போயிட்டினம். தாலியைச் சாமியறையிலை விட்டிட்டினம். குறுக்காலை கொண்டு வாறன் எண்டு நான்தான் சொன்னனான்."

பக்கத்தில் போன மீன்பிடிப் படகைக் கை காட்டிக் கூப்பிட்டோம். வந்தது. சின்னப் படகு, அலையில் ஏறி இறங்கியது. அவர் விளிம்புவரை போய்க் கீழே பார்த்தார்.

"என்னாலை ஏலாது" என்றவர், மஞ்சள் துணிப் பொதியை என் கையில் வைத்தார். "நீ கொண்டுபோய்க் குடு."

ஸ்கூட்டரை அவரிடம் விட்டுவிட்டுப் படகில் இறங்கினேன். கரையில் ஓட்டோ பிடித்த பிறகுதான் எந்தக் கோயில் என்று கேட்காதது நினைவு வந்தது.

"மேளம் கேக்கிற பக்கம் போவம், ரீச்சர்" என்றார் ஓட்டோக்காரர்.

இரண்டாவது கோயிலில் பந்தல் போட்டிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஆர்?"

"பாதையிலை வந்தனான்."

அதற்குமேல் விசாரிக்க அவருக்கு நேரமில்லை. தாலி கட்டும்வரை நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளிக்கூடம் விட்டு இறங்குதுறைக்கு வந்தபோது பாதை திருத்தப்பட்டுக் கரைக்கு வந்திருந்தது. என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அவர் குந்தியிருந்தார்.

"நீங்கள் கலியாணத்துக்குப் போகேல்லையோ?"

"உந்த ஸ்கூட்டரை ஆர் பாக்கிறது? பொறுப்புத் தந்திட்டெல்லோ போனனீ." எழும்பி வேட்டியைத் தட்டினார். "கட்டியாச்சோ?"

"ஓம்."

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். கோயில் மடத்தில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு இலை போட்டார்கள்.