'மூளை'யும் 'பழசு'ம்

எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரக்கா மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்ல. வீட்டைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். வீட்டுக்காரர் வண்டியில உட்கார்ந்து கொட்டாவி விட்டுட்டுக் காத்திருப்பாராம். அட்மிஷன் கவுன்டர்ல டைப் அடிச்சிட்டிருந்தவங்களை, வேற ஆள் கிடைக்காம சர்வர் ரூமுக்கு அனுப்பிட்டாங்க. தட்டுத் தடுமாறி எல்லாத்தையும் தானே கத்துக்கிட்டாங்க. அதாச்சு பதினோரு வருஷம்.

ஸ்கேன் படங்கள் சேர்ந்து சர்வர் நிரம்பிடாம இருக்க, திங்கக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவாங்க, அவங்களே எழுதின குட்டி புரோகிராம். பேர்ல 'பழசு'ன்னு இருக்கிற ஃபோல்டரையெல்லாம் ஒரு கமாண்ட் பட்டியல் போடும். அந்தப் பட்டியலை, திரும்பத் திரும்பச் சுத்துற 'லூப்'ங்கிற பகுதி ஒண்ணொண்ணா எடுத்து அழிக்கும். எங்களுக்கு அவங்க போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு: பேர்ல இடைவெளி விடக்கூடாது, அடிக்கோடு போட்டுச் சேர்க்கணும். நான் ஸ்கேன் எடுக்கிறவன். "ஒரு இடைவெளியில என்னக்கா, வானமா இடிஞ்சு விழப்போகுது?"ன்னு வம்புக்கு இழுப்பேன். ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்புற அவசரத்துல, பழைய தலை ஸ்கேன்களுக்கு 'மூளை பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டுட்டுப் போயிட்டேன். அடிக்கோடாவது மண்ணாங்கட்டியாவது!

திங்கள் ஏழரைக்கு ஒரு வேன் டிரைவரைத் தூக்கிட்டு வந்தாங்க. மண்டைக்குள்ள ரத்தக்கசிவு. நான்தான் ஸ்கேன் எடுத்து, தலைப் படமெல்லாம் சேர்ற 'மூளை' ஃபோல்டருக்கு அனுப்பினேன். எட்டே காலுக்கு ஆபரேஷன் தியேட்டர்லேருந்து டாக்டர் போன் பண்ணினார்: "திரும்பத் திறந்தா படத்தைக் காணோம். ஆளுக்கு மயக்க மருந்து கொடுத்தாச்சு. படம் இல்லாம எங்கய்யா கை வைக்கிறது?"

சர்வர் ரூமுக்கு ஓடினேன். அக்கா முகத்துல ஈயாடல. 'மூளை' ஃபோல்டரே இல்ல. என்னோட 'மூளை பழசு' மட்டும் குத்துக்கல்லு மாதிரி அப்படியே இருந்தது.

"இடைவெளியைப் பார்த்தா லூப் அங்கேயே ரெண்டா வெட்டிடும், தம்பி"ன்னாங்க. "'மூளை' தனி, 'பழசு' தனி. 'மூளை'யை அழிச்சிடுச்சு. 'பழசு'ன்னு தனியா எதுவும் இல்ல, விட்டுடுச்சு. பட்டியலை வரி வரியாப் படிக்க வச்சு, பேரை முழுசா மேற்கோள் குறிக்குள்ள வச்சிருக்கணும். நான் வைக்கல."

அந்த ஆள் செத்தா கொன்னது நான்தான். வெளிய பெஞ்சுல அவர் மனைவி, அவரோட செருப்பை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பேக்கப் நகல் முந்தின நாளோடது. அதுல இவர் படம் கிடையாது.

"ஸ்கேன் மிஷின்லயே கடைசி மூணு பேர் படம் நிக்கும்ல?" அக்கா திடீர்னு கேட்டாங்க. "அவருக்கப்புறம் எத்தனை பேர் ஆச்சு?"

ரெண்டு பேர். மூணாவது ஆள் இந்நேரம் மேஜையில ஏறியிருப்பார்.

விழுந்தடிச்சு ஓடினேன். கூட வேலை செய்றவங்க பட்டனை அமுக்கப் போனாங்க. "தொடாதீங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல, படுத்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துட்டார். நல்லவேளை, படம் இருந்தது. அது தியேட்டருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் என் உயிர் என்கிட்ட இல்ல.

டிரைவர் பிழைச்சுக்கிட்டார்.

மத்தியானம் சூப்பிரண்டு எங்க எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சார். "யார் பண்ண வேலை இது?" காலையில அந்த ஆளுக்காக நடுங்கினேன். இப்ப என் வேலைக்காக நடுங்கினேன். "நான்தான் சார். ஸ்கிரிப்ட் என்னோடது"ன்னாங்க அக்கா. நான் வாயைத் திறக்கல. வெட்கம் கெட்டவன்!

அவங்களைத் திரும்ப அட்மிஷன் கவுன்டருக்கே அனுப்பிட்டு, வேற ஆள் இல்லைன்னு சர்வர் வேலையை என் தலையில கட்டிட்டாங்க. ஸ்கிரிப்டைத் திறந்தா, போறதுக்கு முன்னாடியே சரி பண்ணி வச்சிருக்காங்க. இப்ப லூப் வரி வரியாத்தான் படிக்குது, பேரைச் சுத்தி மேற்கோள் குறி இருக்கு.

மேஜை டிராயர்ல அவங்க குறிப்பு நோட்டு கிடந்தது. அன்னிக்குத் தேதியில, எட்டு இருபதுன்னு நேரம் போட்டு எழுதியிருந்தாங்க. டிரைவர் படம் இன்னும் கிடைக்காத நேரம் அது. "ஃபோல்டர் ஸ்கேன் தம்பியோட லாகின்ல போட்டது. யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பையனுக்கு வேலை போயிடும்."

நாளைக்குக் காலையில சூப்பிரண்டைப் பார்க்கப் போறேன். அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போறேன்.