மூன்று தரம் கூப்பிட்ட சிப்

பேய், காற்று, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்த மாதிரி கதை சொல்கிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள். நான் கம்பைநல்லூரில் போர்வெல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டி, இன்வெர்ட்டர் போர்டு எல்லாம் பழுது பார்க்கிறவன். வீட்டின் முன்னறைதான் கடை. இருபது வருடமாக, "காத்து பட்டுடுச்சுங்க, தானா ஓடுது, தானா நிக்குது" என்று கொண்டு வந்த பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன், உள்ளே பல்லி செத்துக் கிடக்கும், அவ்வளவுதான். பல்லியை எடுத்துப் போட்டால் காற்றும் போய்விடும். அப்படிப்பட்ட ஆள் நான்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, பழைய கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே மொத்த மிஷினும் அடங்கியிருக்கும், டிவியில் மாட்டினால் ஓடும், அந்தக் காலத்து வகை. என்னிடம் ஒன்று நன்றாக ஓடுகிற நிலையில் இருக்கிறது, ஆனால் அதற்குக் குரல் கிடையாது, 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம்தான். அதற்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை.

போன மார்கழியில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஸ்டார்ட்டர் சரி பண்ணப் போனேன். சரோஜா அக்கா என்று ஒருத்தர், தனியாக இருந்து இரண்டு ஏக்கர் பார்க்கிறவர். அவர் வீட்டுக்காரர் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவராம், இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் பழைய கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னதும் பரணிலிருந்து ஒரு யூரியா சாக்கை இறக்கிக் கொடுத்தார்.

"அவரு இருந்தப்ப மேல போட்டதுங்க. பழைய இரும்புக்காரனுக்குப் போட மனசு வரல. உங்களுக்கு உதவும்னா எடுத்துக்கங்க தம்பி."

கொண்டுவந்து பிரித்தால் உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், போர்டு முழுக்கப் பச்சை பூத்து அரித்துக் கிடந்தது, ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் நடுவில் நாற்பது காலோடு ஒரு சவுண்ட் சிப் மட்டும் பளிச்சென்று இருந்தது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த சிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதற்கு மூன்று குரல், கூடவே இரைச்சல் போட ஒரு வழி. உள்ளே பதினாறு அறை. கம்ப்யூட்டர் அந்த அறைகளில் எண்களைப் போட்டால் அதற்கேற்ப சத்தம் வரும், போடாவிட்டால் ஊமை. கரண்ட்டை நிறுத்தினால் பதினாறும் காலி. அதற்கு ஞாபகம் என்பதே கிடையாது, காதும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் சர்க்யூட் போர்டு வடிவமைக்கிற ஜெயவேலு என்று ஒரு நண்பன், என்னைவிட ஆறேழு வயது சின்னவன், அவனுக்கும் இதே பைத்தியம். பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் செருகுகிற மாதிரி ஒரு கார்டு அவனே வரைந்து செய்தான். அதில் இந்தக் காலத்து சிப் ஒன்று இருக்கும், அது கம்ப்யூட்டர் பேசுவதை வாங்கிப் பழைய சவுண்ட் சிப்புக்குப் புரிகிற மாதிரி சொல்லும். பழைய சிப்புக்கு நடுவில் ஒரு சாக்கெட். பங்குனி கடைசியில் பார்சலில் வந்தது. இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன், கடிகாரத் துடிப்பு சேரவில்லை, ஒரு கால் வளைந்து ஒட்டாமல் இருந்தது, அதெல்லாம் வேண்டாம், சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் சரியானது. நான் போட்ட எண்களுக்குச் சரியாக ஸ ரி க ம பாடியது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலை கடை திறந்து, மெயின் சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டருக்கும் அதே லைன்தான். நான் இன்னும் டிவியைக்கூடப் போடவில்லை, ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. டொக், டொக் என்று இரண்டு சொடுக்கு, பிறகு கீழேயிருந்து மேலே ஏறுகிற ஒரு நீளமான 'ஊ...ஈ', கடைசியில் சட்டென்று கீழே விழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தரம். அப்புறம் இன்னொரு தரம். மூன்றோடு நின்றுவிட்டது.

எனக்குப் பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஜெயவேலு குறும்புக்காரன். ஒருதரம் எனக்குக் கொடுத்த சார்ஜரில், செருகினால் குருவி கத்துகிற மாதிரி பண்ணி வைத்தவன். கார்டுக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று போன் போட்டேன்.

"இல்லீங்கண்ணா, சத்தியமா நான் ஒன்னும் வெக்கல. கார்டுல அதுக்கு எடமே இல்லீங்க" என்றான்.

குருவி விஷயத்திலும் இதே சத்தியத்தைத்தான் செய்தான். அதனால் நானே பார்த்துவிடுவது என்று இறங்கினேன். ஒரு வாரம். ஸ்பீக்கரை மாற்றினேன். செல்போனை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். கம்ப்யூட்டரில் புரோகிராம் ஏற்ற நான் மாட்டியிருந்த மெமரி கார்டைக் கழற்றினேன். ஜெயவேலு உதிரிக்கு அனுப்பியிருந்த இன்னொரு சவுண்ட் சிப், அதே வகை, அதைப் போட்டேன், காலையில் அமைதி. சரோஜா அக்கா வீட்டு சிப்பைத் திரும்பப் போட்டேன், மறுநாள் காலை டொக், டொக், ஊ...ஈ. நாளின் முதல் கரண்ட்டுக்கு மட்டும்தான், மூன்று தரம்தான், அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக இருக்கும். நம்பினால் நம்புங்கள், எட்டு நாளும் நோட்டில் எழுதி வைத்தேன்.

என் மனைவி தமிழ்ச்செல்வி ஒருநாள் காபியோடு வந்தவள் வாசலிலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "பாட்டுன்னு சொன்னீங்க. இது பாட்டு இல்லீங்க. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குது" என்றாள். எனக்கு அப்போதுதான் முதுகில் லேசாக ஏதோ ஊர்ந்தது. ஆனாலும் சந்தேகம் ஜெயவேலு மேல்தான். திரும்பப் போன் பண்ணி, கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். நேரத்தை வீணாக்காதே, ஒத்துக்கொள், சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்றேன். அவன் போனை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்துத் தருமபுரி வந்து, அங்கிருந்து மாறிக் கம்பைநல்லூர் வந்து சேர்ந்தான். கையில் புது கார்டு, என் கண் எதிரில் லேப்டாப்பில் மாட்டி முழுக்க அழித்து, புதிதாக எழுதினான். அவனே சிப்பை எடுத்து சாக்கெட்டில் அழுத்தினான். அன்றைக்கு அதுவரை நான் மெயினைப் போடவில்லை. அவனே போட்டான்.

டொக், டொக், ஊ...ஈ.

மூன்றும் முடிகிற வரை அசையாமல் நின்றான். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினான். ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான், அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"நீங்களே பண்ணிட்டு, என்னைய எதுக்குங்கண்ணா திட்டுனீங்க?"

"நான் ஏம்ப்பா பண்ணணும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. எங்கிட்ட இல்லைன்னா உங்ககிட்டதான் இருக்கணும்."

தமிழ்ச்செல்வி கறிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடாமல் போனான். அவன் நிலைமையில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. ஒருவேளை அக்காவின் வீட்டுக்காரர் இந்த சத்தத்தை வைத்து ஏதாவது செய்திருப்பாரோ, அந்த சிப்பிலேயே எனக்குத் தெரியாத வித்தை எதுவும் உண்டோ என்று அக்காவிடமே கேட்டுவிட நினைத்தேன். திங்கட்கிழமை காலை அந்த சத்தத்தை செல்போனில் பதிவு செய்துகொண்டு பென்னாகரம் பக்கம் வண்டியை விட்டேன். மார்கழிக்குப் பிறகு அந்த ஊருக்கு நான் போவது அன்றைக்குத்தான்.

அக்கா களத்தில் ராகி உலர்த்திக்கொண்டிருந்தார். வேப்ப மரத்தடியில் ஒரு கிடாரிக் கன்று, செவலை நிறம், ஒரு கண்ணில் பூ விழுந்தது, கட்டிக் கிடந்தது. மோர் கொடுத்தார், குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "உங்க வூட்டுக்காரர் இந்த மாதிரி ஏதாச்சும் சத்தம் வெச்சு விளையாடுவாருங்களா" என்று கேட்டபடி போனைத் தட்டினேன்.

முதல் தரம் சத்தம் வந்ததும் கிடாரி எழுந்து நின்றது. இரண்டாம் தரத்துக்குக் கயிறு விறைக்க என் பக்கம் இழுத்தது. மூன்றாம் தரத்துக்குள் அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இத எப்பப் புடிச்சீங்க?"

"இன்னிக்குக் காலைலதானுங்கக்கா, கடையில."

"பொய் சொல்லாதீங்க தம்பி. இது என் சத்தம்."

எனக்குப் புரியவில்லை. அவரே திரும்பி, நாக்கை மேலே ஒட்டி இரண்டு சொடுக்குப் போட்டு, ஊ...ஈ என்று கூப்பிட்டார். அதே ஏற்றம், கடைசியில் அதே மாதிரி சட்டென்று விழுந்தது. சிப்பின் குரல் தகரக் குரல், இது மனுஷக் குரல், வித்தியாசம் அவ்வளவுதான். கிடாரி அவர் பக்கம் திரும்பிக்கொண்டது.

"தை மாசம் கர்நாடகா பக்கத்துச் சந்தையில வாங்குனது இது. நம்மூரு மாதிரி கூப்பிட்டா வரல, கன்னடத்துல கூப்பிட்டும் பார்த்தேன், வரல. ஒத்தக் கண்ணு, பாதை தெரியாது. அதுக்கோசரம் நானே ஒரு சத்தம் கண்டுபுடிச்சேன். மூணு தரம் கூப்பிட்டா வந்துரும். வேற யாருக்கும் இது தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "நான் தனியா இருக்கறவ. வேலிக்கு அந்தாண்ட நின்னு புடிச்சீங்களா?"

ஐயோ, என்ன சொல்வது சொல்லுங்கள். நாற்பத்தாறு வயதில், இரண்டு பெண்ணுக்கு அப்பன், தனியாக இருக்கிற பெண்ணின் வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பதிவு பண்ணினாயா என்று ஒருத்தர் என் முகத்துக்கு நேரே கேட்கிறார். சிப், கார்டு, ஜெயவேலு என்று ஏதேதோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் கோபப்படவில்லை, கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"என் எதுக்கால அதை அழிச்சுட்டுப் போங்க. இனிமே ஸ்டார்ட்டரு கெட்டா நான் வேற ஆளப் பார்த்துக்கறேன்."

அழித்தேன். அவர் போனை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மார்கழியில் சிப் என் கைக்கு வந்துவிட்டது. தையில் கிடாரி வந்தது. அந்தச் சத்தம் பிறந்தபோது அந்த சிப், என் மேசை இழுப்பறையில், பஞ்சில் குத்தியபடி கிடந்தது. நானோ ஜெயவேலுவோ அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தாலும் அந்த சிப்புக்குக் காது கிடையாது என்று சொன்னேன் அல்லவா. இதற்குமேல் யார் மேல் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் மேலேயே பட்டேன். தூக்கத்தில் எழுந்து ஏதாவது செய்கிறேனா என்று தமிழ்ச்செல்வியைக் கவனிக்கச் சொன்னேன், அவள் நான்கு நாள் பார்த்துவிட்டு, குறட்டை மட்டும்தான் விடுகிறீர்கள் என்றாள்.

பென்னாகரம் போய் வந்த அன்றைக்கே சிப்பைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, அலமாரி மேல் வைத்துவிட்டேன். கார்டில் உதிரி சிப்தான் இப்போது ஓடுகிறது, நன்றாகப் பாடுகிறது, காலையில் ஒன்றும் சொல்வதில்லை. ஜெயவேலு எப்போதாவது போன் பண்ணுவான், சௌக்கியம் விசாரிப்பான், கம்ப்யூட்டர் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். ஐப்பசியில் ஒருநாள் சரோஜா அக்காவிடமிருந்து போன் வந்தது. நம்பரைப் பார்த்ததும் எடுக்கலாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன்.

"தம்பி, அன்னிக்குப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. ஒன்னு கேக்கணும், நெசத்தச் சொல்லுங்க."

"கேளுங்கக்கா."

"செவலை இருக்குதில்லீங்களா, அது தெனமும் காலைல ஒம்போதரை மணி வாக்குல மேயறத விட்டுட்டு ரோட்டோரம் போயி நிக்குது. காதத் தூக்கிட்டு நிக்குது. நான் கூப்பிடவே இல்ல. நான் போயி இழுத்தாலும் வர மாட்டேங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா திரும்பி வருது. அந்த மிஷின இன்னும் போடறீங்களா?"

ஒன்பதரைக்குத்தான் நான் கடை ஷட்டரைத் தூக்கி மெயினைப் போடுவது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"இல்லீங்கக்கா. அந்த சிப்பை அப்பவே கழட்டிட்டேன். கரண்ட்டே இல்லாம கெடக்குது."

 அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப அத யாரு தம்பி கூப்பிடறது?"

சிக்னல் சரியில்லை, விட்டு விட்டுக் கேட்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.