மெஷின் கொடுத்த சுருதி

“மெசினு சத்தமில்லாம உங்கப்பனுக்குப் பாட்டு வருமா கண்ணு?” என்று எங்கள் சபையின் உபதேசியார் ஒருமுறை கேட்டுச் சிரித்தது, இன்று ஒரு பனியன் கம்பெனி வாசலில் எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஞாபகம் வந்தது.

எங்கள் ஜெபக் கொட்டகைக்கும் அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கும் நடுவே ஒரே சுவர்; ஞாயிறன்றும் அங்கே மெஷின் ஓடும், வாரமெல்லாம் அதை ஓட்டிக் களைத்த அப்பா கண்ணை மூடி, அந்த இரைச்சலையே சுருதியாகப் பிடித்துக் கீர்த்தனை பாடுவார், பாயில் உட்கார்ந்த நாங்கள் சுவரின் அதிர்வை முதுகில் வாங்கியபடி பின்பாட்டுப் பாடுவோம். அப்பாவை வெளியூர் ஜெபக் கூட்டங்களுக்கும் அழைத்தார்கள். அங்கிருந்த அமைதியில் அவருக்கு முதல் அடியே எழவில்லை. பிறகு கம்பெனி இடம் மாறியது, கொட்டகை சாயப்பட்டறையானது, அப்பா பாடுவதையே விட்டுவிட்டார். கேட்டால், “ஒடம்புல சத்தே இல்ல கண்ணு, உடு” என்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீச்சராகி, முதல் சம்பளத்தில் அப்பாவுக்கென்று வாங்கிய சுருதிப்பெட்டியோடுதான் இன்று அந்தக் கம்பெனி வாசலில் நின்றேன். மெஷின் இரைச்சலைக் கேட்டபடி ஒவ்வொரு துளையாகத் திறந்து பார்த்தேன். ஒத்துப்போன துளையின் அருகே சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.