வெள்ளிக்கிழமை பார்த்த நேரம்

பீரங்கியின் வாயைத் துடைத்துச் சாக்கால் மூடிய பிறகு, அம்மார் கடைத்தெரு வழியாக இறங்குவதில்லை. வலை உலர்த்தும் சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சுவரை உரசியபடி வீடு சேர்கிறார். எதிரே யாராவது வந்தால், சங்கிலியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்கிறார்.

மற்ற மாதங்களில் அவருக்கு நகராட்சிக் குழாய் வேலை. ரமலானில் மட்டும் கோட்டைப் பீரங்கி. காதில் எப்போதும் பஞ்சு இருப்பதால், இரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வார். அவர் வெடித்தால் மோதினார் பாங்கு சொல்வார். பாங்கு கேட்டால் ஊர் நோன்பு திறக்கும். இந்த வரிசையை இந்தத் துனீசியக் கடற்கரையில் எவரும் ஐயுற்றதில்லை.

கோட்டைச் சுவரைச் செப்பனிட்ட ஆண்டுகளில் பீரங்கி ஓய்ந்திருந்தது. அதற்கு முன் அவர் வெடித்த ரமலான்கள் நடுக்கோடையில் வந்தவை. அன்றன்று சூரியன் அடங்கும் நேரம் குறித்து, பள்ளிவாசல் கதவில் ஒட்டிய நேரத்தாளை வெள்ளிதோறும் பார்ப்பார். காப்பாக ஒரு நிமிடம் சேர்த்து, வாரம் முழுவதும் அதே நேரத்தில் வெடிப்பார். "நேரம் என்ன மீனா, தினமும் போயி வாங்கறதுக்கு?" என்பார். பிழை நேர்ந்ததில்லை.

இவ்வாண்டு பீரங்கி மீண்டபோது, ரமலான் மார்ச்சுக்கு நகர்ந்திருந்தது. சாய்ந்து சுற்றும் பூமிக்குச் சூரியன் தெற்கும் வடக்குமாக ஊஞ்சலாடுவதாகத் தோன்றுகிறது. நடுக்கோடையிலும் நடுக்குளிரிலும் அது ஊஞ்சலின் நுனியில் தயங்கி நிற்கும். பகல் நீள்வதும் குறைவதும் தெரியாது. மார்ச்சில் நடுவைக் கடந்து பாயும். ஒவ்வொரு மாலையும் முந்தைய மாலையைவிடப் பிந்தி அடங்கும். அம்மார் பழைய வழக்கத்தை மாற்றவில்லை.

ஒரு வாரம் புதன்வரை மேகமூட்டம். வியாழன் மாலை வானம் தெளிந்தது. பீரங்கி கிழக்கே கடலைப் பார்ப்பது. வெடிப்பவரின் முதுகுதான் மேற்கைப் பார்க்கும். புகை விலகியதும், கைப்பிடிச் சுவர்மீது தம் நிழல் நீண்டு கிடப்பதைக் கண்டார். திரும்பினார். ஒலிவ மரங்களுக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், சூரியன். கீழே பாங்கு தொடங்கிவிட்டது.

"சாப்பிடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க!" என்று கைகளை வீசிக் கத்தினார். வாழ்த்துகிறார் என்றெண்ணி, மாடிகளில் இருந்தவர்கள் பேரீச்சம்பழமும் கையுமாகப் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

மேகம் மறைத்த நாள்களிலும் பெரும்பாலானவை பிழையே என்பது பிறகு விளங்கியது. அந்த நோன்புகளை ரமலானுக்குப் பிறகு மீண்டும் நோற்று, ஊரே களாச் செய்யவேண்டியதாயிற்று. மோதினார் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அம்மாருக்கு அதுதான் தாங்கவில்லை.

மீன் விற்கும் ஜுலைக்கா விடவில்லை. "அம்மார் அண்ணே, உங்க பேச்சைக் கேட்டு வெள்ளிக்கிழமை மீனை வியாழன் வரைக்கும் வெச்சிருக்கேன். எடுத்துக்கறீங்களா?"

"சும்மா இரு ஜுலைக்கா," என்றார் பக்கத்துக் கடைக்காரர். "மனுஷன் சூரியனுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக லீவு குடுத்தாரு. அது ஒரு தப்பா?"

அம்மார் கோட்டைச் சாவியை நகராட்சி மேலாளரின் மேசையில் வைத்தார். "வேற ஆளப் போடுங்க. என் வெடிக்கு இனிமே எவன் வாயத் திறப்பான்?"

"வெடிமருந்து கெட்டிக்க வேற யாருக்குய்யா தெரியும்? தினமும் தாளைப் பாத்துட்டுப் போ."

மறுநாள் நேரத்தாளை இருமுறை படித்துவிட்டு, சரியான நேரத்தில் வெடித்தார். பாங்கு எழவில்லை. மோதினார் பள்ளிவாசல் மினாராவின் மேலேறி மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிகளிலும் எல்லா முகங்களும் மேற்கு நோக்கியே இருந்தன. ஒரு மாடியில் மட்டும் அவர் மனைவி மன்னூபியா, சூரியன் மறைந்த பக்கம் திரும்பாமலே, தண்ணீர்க் குவளையை உயர்த்தி மடமடவென்று குடித்தார்.

அம்மார் கரி படிந்த இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.