கிரவுன் சிவாஜி நகரில், பினியன் அடுகோடியில்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் தளியில் பஸ் ஏறினேன். கையில் இரண்டு பைகள். ஒன்றில் நாத்தனாருக்கு நான்கு காலிஃப்ளவர், இன்னொன்றில் பழைய துண்டில் சுற்றிய இரும்புத் துண்டு. பஸ் கிளம்பும்வரை என் கணவர் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "பெங்களூர் போறவ வெறுங்கையோட வருவாளா? ரெண்டு புடவை வரும். ஜீப் சாமான்தான் வராது" என்று பக்கத்து சீட்டு அம்மாளுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்களுடையது ராணுவத்தில் ஏலம் விட்ட பழைய ஜீப். கதவு கிடையாது, ஹாரன் அதற்குத் தோன்றினால் அடிக்கும். ஆனால் தோட்டத்துச் சரிவில் மழை பெய்து டிராக்டரே வழுக்கி நிற்கிற நாளில்கூட, பின்னால் பத்து மூட்டை கோஸை வைத்துக்கொண்டு மேலே ஏறிவிடும். அதை ஓட்டுவது நான். அவருக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் அதோடு மல்லுக்கட்டப் பொறுமை கிடையாது. புதன்கிழமை அந்தச் சரிவிலேயே பின்பக்கம் படாரென்று ஒரு சத்தம், வண்டி நின்றது. மெக்கானிக் முனிராஜ் வந்து, பின் அச்சின் நடுவில் இருக்கும் உருண்டையைத் திறந்து பார்த்தார். உள்ளே தட்டு மாதிரி ஒரு பெரிய பல்சக்கரம், அது கிரவுன். அதைத் திருப்புகிற கூம்பு மாதிரியான சின்னது பினியன். பினியனில் இரண்டு பல் போயிருந்தது, கிரவுனையும் கடித்து வைத்திருந்தது.

"புதுசு இப்ப வர்றதில்லக்கா. பெங்களூர்ல குஜிரியில தேடுங்க. ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. ரெண்டும் ஒண்ணா அரைச்ச ஜோடி. ரெண்டு மேலயும் ஒரே நம்பர் வெட்டியிருக்கும். நம்பர் மாறுனா ஊளையிடும், ஒரு மாசத்துல மறுபடி உடையும்" என்றார் முனிராஜ்.

அதற்குள் என் கணவர் தேன்கனிக்கோட்டை பழைய இரும்பு வியாபாரிக்கு ஆள் விட்டிருந்தார். "திங்கக்கிழமை காலையில வர்றார். அதுக்குள்ள வண்டி தானா நகர்ந்தா உன்னுது. நகரலைன்னா எடைக்கு" என்று முனிராஜை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்ததைவிட அழுகைதான் வந்தது. அந்த வண்டியில் உட்கார்ந்தால்தான் எனக்குத் தோட்டம் என்னுடையது என்று தோன்றும். அதைக் கிலோக் கணக்கில் பேசுகிறாரே!

தளியிலிருந்து ஓசூர் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி, பெங்களூருக்கு இன்னொரு நாற்பது. அத்திப்பள்ளி தாண்டியதும் கண் அசந்துவிட்டேன். மடிவாளா, அடுகோடி எல்லாம் தூக்கத்திலேயே போயின. எனக்கு வேண்டியதில் பாதி அடுகோடியில்தான் இருந்தது என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பது மணிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். நாத்தனார் அமுதா காத்திருந்தாள். ஒக்கலிபுரத்தில் வீடு, கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை. எனக்காக லீவு போட்டிருந்தாள். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள், மூன்றிலும் பேரம் பேசுவாள். காலிஃப்ளவரை வாங்கிக்கொண்டு, "அண்ணி, அங்க நீங்க சும்னே, பேசாம இருங்க. முகத்துல ஆசையைக் காட்டுனீங்க, ரேட்டு ஏறிடும்" என்றாள்.

சிவாஜி நகரில் இறங்கி குஜிரிக்குள் நுழைந்தோம். பெங்களூரில் பழைய சாமான் கடைத்தெருவுக்கு அதுதான் பெயர். நான் பார்த்த தெருக்களிலேயே என்னை மறந்து நின்ற தெரு இது. ஒரு கடை முழுக்க ஸ்டியரிங் வளையம், ஒரு கடை முழுக்கக் கதவு. ஒரு கடையில் ஸ்கூட்டர் முகங்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின. எங்கே பார்த்தாலும் சுத்தியல் சத்தம், கிரீஸ் வாசனை, நடுவில் சமோசா வாசனை. பெண்கள் என்று நாங்கள் இருவர்தான். யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. துண்டைப் பிரித்து உடைந்த பினியனைக் காட்டியதும் எல்லோரும் என் முகத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஏழாவது கடையில் சத்தார் பாய் இருந்தார். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. பினியனின் பல்லை எண்ணினார். உள்ளே போய் ஐந்து கிரவுனைத் தூக்கிவந்து போட்டு, அதில் இரண்டைத் தள்ளி வைத்தார்.

"இந்த ரெண்டும் உங்க வண்டிக்கு ஆகும்மா. துரு இல்ல, பல்லு பாருங்க, முத்து."

"பினியன், பாய்?" என்றாள் அமுதா.

"பினியன் நை, இல்ல."

"என்ன பாய், தலை இருக்கு, உடம்பு இல்லையா? ஜோடி எங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுகோடில ஒரு ஆள்கிட்ட இருக்கு" என்றார். அந்த ஆளின் பெயரைச் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் சிரித்துக்கொண்டே கதையைப் போட்டு உடைத்தார். அந்த ஆள் சத்தார் பாயின் சொந்தத் தம்பி ஜப்பார். அப்பா காலமானபின் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். குஜிரியில் எதையும் எடை போட்டுத்தான் பிரிப்பது, அதுதான் நியாயம். பெரிய தராசு வைத்து எஞ்சின், அச்சு எல்லாம் சமமாகப் பிரித்தாகிவிட்டது. கடைசியில் ஒரு தட்டு கொஞ்சம் தாழ்ந்து நின்றது. நியாயம் சொல்ல வந்த மாமா, கம்பியில் கட்டித் தொங்கிய கிரவுன்-பினியன் ஜோடிகளை அவிழ்த்து, கிரவுனை எல்லாம் இந்தப் பக்கமும் பினியனை எல்லாம் அந்தப் பக்கமும் போட்டார். முள் நடுவில் நின்றது. எல்லோருக்கும் திருப்தி.

"மறுநாள்தான் ரெண்டு பேருக்கும் புத்தி வந்துச்சு. மாத்திக்கலாம்தானே? யாரு முதல்ல கேக்குறது? நாலு வருஷமா பேச்சே இல்ல" என்றார் பக்கத்துக் கடைக்காரர். சத்தார் பாய் காது கேட்காதவர்போல் ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கவலையையும் அடக்க முடியவில்லை. இரண்டு கிரவுனின் நம்பரையும் அமுதாவின் பேனாவால் என் முன்கையில் எழுதிக்கொண்டேன். ஆட்டோ பிடித்தோம். அடுகோடி போய்ச் சேரும்போது பன்னிரண்டரை.

ஜப்பார் பாய் அண்ணனைவிடக் குண்டு, தாடியில் பாதிதான் வெள்ளை. அவர் கடையில் பினியன்கள் எண்ணெய் தடவி, குத்துவிளக்கு மாதிரி வரிசையாக நின்றன. நான் கையை நீட்டி நம்பரைக் காட்டினேன். ஒன்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதோட ஜோடி எப்பவோ உடைஞ்சு உருக்கப் போயிடுச்சு." இரண்டாவதைப் பார்த்ததும் குனிந்து, நேராக ஒரு பினியனை எடுத்தார். தேடவே இல்லை. முனையில் அதே நம்பர். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அமுதா காலை மிதித்தாள்.

"கொடுங்க பாய், நாங்க போய் கிரவுனை வாங்கிக்கிறோம்" என்றேன்.

"அப்படித் தர மாட்டோம்மா. நம்பர் பார்த்தா மட்டும் போதாது. கஸ்டமர் கண்ணு முன்னாடி ரெண்டையும் சேர்த்துச் சுத்திப் பார்த்து, கம்பி கட்டித்தான் கொடுக்கணும். எங்க அப்பா வழக்கம். கம்பி கட்டாம ஒரு ஜோடி கூட எங்க கடைய விட்டுப் போனது இல்ல."

"அப்போ சிவாஜி நகர் வாங்க."

"நானா? நான் அங்க போக மாட்டேன். அந்த ஆளு இங்க வரட்டும்."

மறுபடி ஆட்டோ. சத்தார் பாயும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார்: "நான் அங்க போக மாட்டேன். அவன் இங்க வரட்டும்." மணி இரண்டு. ஒரே ஊருக்குள் என் ஜீப் இரண்டு பாதியாகக் கிடக்கிறது, நடுவில் இரண்டு தாடிகள். திங்கட்கிழமை வியாபாரி வந்து நிற்பது கண்முன் தெரிந்தது. அமுதா சொன்னதை மறந்து, "பாய், நாளை மறுநாள் என் வண்டியை வெட்டப் போறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சத்தார் பாய் நிமிர்ந்து பார்த்தார். "வெட்டுறதா? ஓடுற வண்டியையா?"

அந்த நொடியில் அமுதா புகுந்தாள். "பாய், நீங்க அவர்கிட்டப் போக வேணாம். அவரும் உங்ககிட்ட வர வேணாம். சாமான் சாமானைப் பார்க்கட்டும். நடுவுல சாந்தி நகர்ல ஒரு தர்சினி ஓட்டல் இருக்கு. கிரவுன் அங்க வருது. நீங்க கிரவுனுக்குத் துணையா வாங்க, அவ்ளோதான்."

அவர் தாடியைத் தடவினார். "கிரவுனுக்குத் துணையா..." என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ஹவ், சரிதான். அதுல தப்பு இல்ல" என்றார். ஒரு ரூபாய் காசு போட்டு அமுதா பூத்திலிருந்து அடுகோடிக்குப் போன் செய்தாள். அங்கேயும் பினியனைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லையாம்.

மூன்றரை மணிக்கு சாந்தி நகர் தர்சினி. நின்றுகொண்டு சாப்பிடுகிற உயரமான கல் மேஜை. சத்தார் பாய் பச்சை ஸ்கூட்டரில், கால் வைக்கிற இடத்தில் சாக்கை வைத்துக்கொண்டு வந்தார். ஜப்பார் பாய் ஆட்டோவில் இறங்கினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள், அமுதாவைப் பார்த்தார்கள், மெனு போர்டைக் கூடப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் மாதிரி விறைத்து நின்றார்கள். பேசாமல் சாக்கைப் பிரித்தார்கள். காபி டம்ளர்களைத் தள்ளிவிட்டு, அண்ணன் கிரவுனைப் படுக்க வைத்தார். தம்பி பினியனைக் கொண்டுவந்து பல்லோடு பல் வைத்தார். அண்ணன் தட்டைத் திருப்ப, தம்பியின் கையில் பினியன் சுழன்றது. தடை இல்லை, உதறல் இல்லை. சாப்பிட வந்தவர்கள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றி நின்றுவிட்டார்கள். ஒரு சுற்று போதும்தான். ஆனால் இருவரும் நிறுத்தவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு தம்பி, கிரவுனை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"கம்பி இருக்கா?"

"இருக்கு" என்றார் அண்ணன். ஜிப்பா பையிலிருந்து வளையமாகச் சுருட்டிய கம்பியை எடுத்தார். "குறடு?"

"கொண்டாந்திருக்கேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. கிரவுனுக்கு எண்ணூறு, பினியனுக்கு நானூறு. அமுதா அன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பெங்களூர் வழக்கப்படி பை-டூ காபி சொன்னோம். நான்கு பேருக்கு இரண்டு காபி. நானும் அமுதாவும் ஒன்றைப் பிரித்துக்கொண்டோம். மிச்சம் ஒன்று யார் யாருக்குப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

ஆறரை மணி பஸ்ஸில் மடியில் சாக்கோடு உட்கார்ந்தேன். இந்த முறை தூங்கவில்லை. அடுகோடி சிக்னலில் பஸ் நின்றபோது எட்டிப் பார்த்தேன். ஜப்பார் பாய் கடையில் விளக்கு எரிந்தது. வாசலில் அந்தப் பச்சை ஸ்கூட்டர் நின்றது, பக்கத்தில் தரையில் நான்கு கிரவுன்கள். "அடடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

தளியில் இறங்கியபோது என் கணவர் நின்றுகொண்டிருந்தார். "புடவை மூட்டை கொஞ்சம் பெருசா இருக்கே" என்று சாக்கை ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்துத் தள்ளாடினார். வழி நெடுக அவரையே தூக்கிவரச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முனிராஜ் ஜீப்புக்கு அடியில். பல் எங்கே படுகிறது என்று பார்க்கச் சாயம் வேண்டுமென்றார். என் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு நடுவுல அழகா பதியுதுக்கா" என்றார். கம்பியை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வியாபாரி பஸ்ஸில் வந்து இறங்கினார். விலை பேசி முடித்துவிட்டு டெம்போ அனுப்புவதாகத் திட்டம். நான் சரிவின் மேலிருந்து பத்து மூட்டை கோஸோடு ஜீப்பை இறக்கிக்கொண்டு வந்து, அவர் முன்னால் நிறுத்தினேன். வீணாக வந்தாரே என்று உடைந்த கிரவுனையும் பினியனையும் கொடுத்தேன். கொக்கித் தராசில் மாட்டி எடை போட்டுக்கொண்டார். அவருக்கு அடுத்த பஸ் பத்தரைக்குத்தான். "ஏறுங்க, தேன்கனிக்கோட்டையிலேயே விட்டுடறேன்" என்றேன். அவர் முன்னால் ஏறினார். இடம் இல்லாததால் என் கணவர் பின்னால் கோஸ் மூட்டை மேல் ஏறிக்கொண்டார்.

ஏற்றத்தில் வியாபாரி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறுவதையே கவனித்துக்கொண்டு வந்தார். பிறகு, "நல்ல வண்டிம்மா. யாரு இதை எடைக்குப் போடச் சொன்னது?" என்றார்.

பின் அச்சிலிருந்து ஊளைச் சத்தமே வரவில்லை. மூட்டை மேலிருந்தும் இல்லை.