ஊத்துக்குளி சாலையில் ஒரு மஞ்சள் பனியன்

2005 வாக்கில் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நானும் திருநெல்வேலிப் பக்கத்துத் தோழி ஒருத்தியும் செக்கிங் வேலை பார்த்தோம். விட்டுப்போன தையல் கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். டெய்லர்கள் எங்களைக் கண்டாலே முறைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊத்துக்குளி மலைக்குச் சைக்கிளில் போவோம். இருபுறமும் கிளுவை வேலி, உள்ளே செம்மறி ஆடுகள், தூரத்தில் மலை. ஒருநாள் வேலியில் ஒரு மஞ்சள் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. அவள் சட்டென்று இறங்கிவிட்டாள்.

"ஏட்டி, தோள்ல தையல் விட்டிருக்கு பாரு."

ஹேண்டில்பாரில் ஒட்டி வைத்திருந்த மிச்ச ஸ்டிக்கரைப் பிய்த்து அதில் ஒட்டியும் விட்டாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து நின்றார். "ஏனுங் கண்ணு, மலையப் பாக்க வந்தீங்களா, என்ற பனியனப் பாக்க வந்தீங்களா?"

அவள் வெட்கப்பட்டு ஸ்டிக்கரை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும் உடுங்க, நல்லாத்தான இருக்குது" என்று அப்படியே மாட்டிக்கொண்டு ஆடுகளின் பின்னால் போனார்.

அவள் ஊருக்குத் திரும்பி வெகுகாலமாகிறது. நாங்கள் ஒட்டிய ஒவ்வொரு அம்புக்கும் யாராவது திட்டு வாங்கினார்கள். அந்த ஒன்றை மட்டும் ஒருவர் சிரித்துக்கொண்டே தோளில் சுமந்து போனார்.